பிரிமியர் வாசலில் கையெழுத்து வேட்டை

பிரிமியர் காட்சிக்கு வரும் திரைப்பட நட்சத்திரத்திடம் திரையரங்க வாசலிலேயே கையெழுத்து வாங்கும் வழக்கம் 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹாலிவுட் பகுதியில் நிலைபெற்றது. கையெழுத்துச் சேகரிப்பு அதற்கு முன்பே இருந்தது. நாடகம் முடிந்து நடிகர் வெளியே வரும்வரை அரங்கின் பின்வாசலில் காத்துக் கிடக்கும் கூட்டமும் இருந்தது. அந்தக் கூட்டத்தைப் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு அழைத்து வந்து, விளக்குப் போட்டு, கயிறு கட்டி, நிற்க இடமும் கொடுத்தது சினிமா. கையெழுத்து வேட்டைக்காரர்களை நட்சத்திரங்களும் காவலர்களும் ஒரு தொல்லையாகவே பேசி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொல்லையை விரும்பி வளர்த்தவை படக் கம்பெனிகளே.

கையெழுத்து நோட்டின் பூர்வீகம் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விட்டன்பெர்க் மாணவர்கள் சிறு ஏடு ஒன்றைக் கையோடு வைத்திருந்து, ஆசிரியர்களிடமும் உடன் படித்தவர்களிடமும் ஒரு வாசகமும் கையொப்பமும் வாங்கிக்கொண்டார்கள். அங்கே ஆசிரியர்களாக இருந்த மார்ட்டின் லூதரும் மெலாங்க்தனும் அப்படிப்பட்ட ஏடுகளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலப்போக்கில் இந்த வழக்கம் இரண்டாகக் கிளைத்தது. ஒன்று, தெரிந்தவர்களிடம் வாங்குவது. தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரியின் கடைசி நாட்களில் கைமாறும் ஆட்டோகிராஃப் நோட்டு இந்தக் கிளையைச் சேர்ந்தது. 2004இல் வந்த சேரனின் படத்துக்குப் பெயர் கொடுத்ததும் இதுவே. மற்றது, முன்பின் பழக்கமில்லாத பிரபலத்திடம் வாங்குவது. 19ஆம் நூற்றாண்டில் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் இந்த இரண்டாவது வகைச் சேகரிப்பாளர்களிடம் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரின் கையெழுத்தையும் முழுமையாகச் சேர்ப்பது அந்நாட்டுச் செல்வந்தர்களின் பெருங்கனவாக இருந்தது. வில்லியம் ஸ்ப்ரேக் என்ற பாதிரியார் அதை முதலில் சாதித்தார்.

சினிமாவின் தொடக்க ஆண்டுகளில் கையெழுத்துக் கேட்க யாருக்கும் வழியில்லை, ஏனென்றால் நடிகர்களுக்குப் பெயரே இல்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் ஏறும் என்று கம்பெனிகள் அஞ்சின. பயோகிராஃப் கம்பெனியின் படங்களில் நடித்த ஃபுளோரன்ஸ் லாரன்ஸை மக்கள் ‘பயோகிராஃப் பெண்’ என்றுதான் அறிந்திருந்தார்கள். 1910இல் அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்ட கார்ல் லெம்லி ஒரு தந்திரம் செய்தார். லாரன்ஸ் விபத்தில் இறந்துவிட்டார் என்ற வதந்தி கிளம்ப, அது பொய் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, உயிரோடு இருப்பதைக் காட்ட அவரை செயின்ட் லூயிஸ் நகருக்கு நேரில் அனுப்பினார். பார்க்கக் கூட்டம் மொய்த்தது. நடிகையை நேரில் காட்டுவது படத்துக்கு விளம்பரம் என்ற கணக்கு அங்கே தெளிவானது. அடுத்த ஆண்டே ரசிகர்களுக்கான சினிமா இதழ்கள் வரத் தொடங்கின. ‘போட்டோபிளே’ அவற்றுள் நீண்ட காலம் ஓடியது.

பெயர் தெரிந்ததும் கடிதங்கள் குவிந்தன. 1920களின் இறுதியில் கிளாரா போ உச்சத்தில் இருந்தபோது, ஒரே மாதத்தில் அவருக்கு 45,000 கடிதங்கள் வந்ததாகக் கணக்குச் சொல்லப்பட்டது. பெரும்பாலான கடிதங்கள் கேட்டது ஒன்றைத்தான்: கையெழுத்திட்ட புகைப்படம். எந்த மனிதராலும் இத்தனைக்கும் கையெழுத்திட முடியாது. ஆகவே ஸ்டூடியோக்கள் ரசிகர் கடிதத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்தன. அங்கே உட்கார்ந்திருந்த செயலாளர்கள் நட்சத்திரத்தின் கையெழுத்தைப் பழகிப் போட்டார்கள். ரப்பர் முத்திரையும் குத்தினார்கள். புகைப்படத்தை அச்சிடும்போதே கையெழுத்தையும் சேர்த்து அச்சிட்டார்கள். ஜீன் ஹார்லோவின் பெயரில் ரசிகர்களுக்குப் போன படங்களில் மிகப் பலவற்றில் கையெழுத்திட்டவர் அவருடைய தாயார். ஹார்லோ 1937இல் 26 வயதிலேயே இறந்துவிட்டதால், மகளின் கையெழுத்தையும் தாயின் கையெழுத்தையும் பிரித்தறிவது பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு தனிப் படிப்பாகவே ஆகிப்போனது.

வாசலில் நின்று வாங்கும் கையெழுத்துக்கு இத்தனை மதிப்பு ஏன் வந்தது என்பதற்கு விடை இந்தத் தபால் பிரிவில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடி அஞ்சல் தலை செலவில் கிடைப்பது யாருடைய கை என்று தெரியாது. கண்ணெதிரே பேனா ஓடினால் சந்தேகம் இல்லை. நட்சத்திரத்தின் கை தன் காகிதத்தில் பட்டது என்பதற்கு வாங்கியவரே சாட்சி. அந்தச் சாட்சிக்கு ஓர் இடமும் நேரமும் தேவைப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர் சிட் கிராமன்.

கிராமன் லாஸ் ஏஞ்சலஸின் பழைய நகர்ப்பகுதியில் 1918இல் ‘மில்லியன் டாலர்’ திரையரங்கைத் திறந்தவர். அடுத்த பெரிய முயற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்தது அப்போது இன்னும் புறநகர் வாசனை மாறாத ஹாலிவுட் பூலவார்டு. 1922 அக்டோபர் 18 அன்று அங்கே ‘எகிப்தியன்’ திரையரங்கு டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘ராபின் ஹுட்’ படத்துடன் திறக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு 5 டாலர். தூத்தன்காமுன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே எகிப்து மோகம் கொண்டது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். கிராமனின் அதிர்ஷ்டம் அப்படி. ஹாலிவுட்டின் முதல் பெரிய பிரிமியர் என்று இந்த இரவைத்தான் சினிமா வரலாறு குறிக்கிறது. சிவப்புக் கம்பளத்தின் தொடக்கத்தையும் பலர் இங்கேயே வைக்கிறார்கள்.

கையெழுத்து வேட்டையின் வரலாற்றில் படத்தைவிட முக்கியமானது அந்தக் கட்டடத்தின் முற்றம். சாலையோரத்தில் காரை விட்டு இறங்கியதும் உள்ளே நுழைந்துவிட முடியாது. தெருவிலிருந்து அரங்கின் கதவு வரை சுமார் 45 மீட்டர் நீளத்துக்குத் திறந்த முற்றம் இருந்தது. அந்த நீளத்தை நட்சத்திரங்கள் நடந்தே கடக்க வேண்டும். வேலைநாட்களில் கடைகளும் செடிகளும் எகிப்திய வேடமிட்ட காவலாளுமாக இருந்த முற்றம், பிரிமியர் இரவில் தானே ஒரு மேடையானது. உள்ளே அமர்ந்து படம் பார்த்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் என்றால், வெளியே நின்று ஆள் பார்த்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. டிக்கெட் வாங்காத இந்தப் பார்வையாளர்கள் இல்லாவிட்டால் மறுநாள் பத்திரிகைக்குப் புகைப்படமும் இல்லை.

1920களின் இறுதிக்குள் பிரிமியர் ஒரு சடங்காகவே ஒழுங்குபட்டது. வானத்தைத் துழாவும் ஆர்க் விளக்குகளை ஓட்டோ ஓலெசன் என்ற டென்மார்க்காரரின் நிறுவனம் வாடகைக்கு விட்டது. அந்த ஒளிக்கற்றை தெரிந்தால் இன்று எங்கோ பிரிமியர் என்று ஊருக்கே தெரியும். சாலையோரத்தில் மரப்பலகைப் படிக்கட்டுகள் அமைத்துக் கூட்டத்தை உட்கார வைத்தார்கள். வரும் ஒவ்வொரு காரிலும் இருப்பவர் யார் என்று ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். முற்றத்தில் நின்ற வானொலி ஒலிவாங்கி முன் நட்சத்திரங்கள் ஓரிரு வார்த்தை பேசிச் செல்வார்கள். ஸ்டூடியோவின் ஒப்பந்தத்தில் இருந்த நடிகர்களுக்கு இது உல்லாச இரவு அல்ல. யார் யாரோடு ஜோடியாக வர வேண்டும், என்ன உடை, எந்த வரிசை என்பதுவரை விளம்பரப் பிரிவு முடிவு செய்தது. கயிற்றோரம் நின்று நாலு நோட்டில் கையெழுத்திடுவதும் அந்த வேலையில் அடக்கம். 1952இல் வந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தின் முதல் காட்சி, 1927ஆம் ஆண்டின் பிரிமியர் ஒன்றைக் கேலியும் பாசமுமாக மறுபடி படைத்துக் காட்டுகிறது. ஒலிவாங்கி அறிவிப்பாளர், மயங்கி விழும் ரசிகை, திரைக்காக ஒரு முகமும் உண்மையில் இன்னொன்றுமாக நடிகர் ஜோடி என எல்லாம் அதில் உண்டு.

கிராமனே 1927 மே 18 அன்று ‘சைனீஸ்’ திரையரங்கை சிசில் டிமில்லின் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்துடன் திறந்தார். அதற்கு 18 நாள் முன்பே, ஏப்ரல் 30 அன்று, மேரி பிக்ஃபோர்டும் ஃபேர்பேங்க்ஸும் முற்றத்தின் ஈர சிமென்டில் கையும் காலும் பதித்துப் பெயரெழுதியிருந்தார்கள். நடிகை நார்மா டால்மட்ஜ் தவறுதலாக ஈர சிமென்டில் கால் வைத்ததுதான் தொடக்கம் என்று கிராமன் ஒரு கதை சொன்னார். வேறு சமயங்களில் வேறு கதைகளும் சொன்னார். பிறகு ஒவ்வொரு பெரிய படத்தோடும் ஒரு பதிவு சேர்ந்தது. ஜான் பேரிமோர் முகத்தின் பக்கவாட்டை அழுத்தினார். பெட்டி கிரேபிளின் கால், ஹரால்ட் லாய்டின் மூக்குக் கண்ணாடி, ராய் ரோஜர்ஸின் குதிரையான ட்ரிக்கரின் குளம்பு எல்லாம் அங்கே உள்ளன. இதுவும் கையெழுத்துத்தான், ஆனால் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதது. லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த சிறுமி ஒருத்தி அந்தத் தடங்களில் தன் பாதத்தை வைத்து அளவு பார்ப்பாள். 1953 ஜூன் 26 அன்று மர்லின் மன்றோ என்ற பெயரில் அவளே அங்கே சிமென்டில் கை பதித்தாள்.

1930 மே 27 அன்று ஹோவர்ட் ஹியூஸின் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ இதே அரங்கில் திரையிடப்பட்ட இரவு, பிரிமியர் கூட்டம் எந்த அளவுக்குப் போகும் என்பதைக் காட்டியது. ஹாலிவுட் பூலவார்டில் போக்குவரத்து நின்றது, கார்கள் ஊர்ந்தன. விமானப் படம் என்பதால் வானத்திலும் விமானங்கள் பறந்தன. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிவிட்ட ஆண்டு அது. வேலை போனவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் கிடைத்த பெரிய வேடிக்கை தெருவில்தான் இருந்தது. 1930களில் கையெழுத்து வேட்டை பெருகியதற்கு இதைவிட எளிய காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தக் காலத்து வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளும் இளம்பெண்களும். கையில் உள்ளங்கை அளவு நோட்டு; தாள்கள் இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வரும். கூடவே ஒரு மை பேனா. நட்சத்திரத்திடம் பேனா இருக்காது, இருந்தாலும் தேடும் நேரத்தில் அடுத்த நோட்டு முந்திக்கொள்ளும். மை ஊறிப் பின்பக்கம் தெரியும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு தாளில் ஒரு பக்கத்தில் மட்டுமே வாங்கினார்கள். இரண்டு பக்கமும் வாங்கிவிட்டுப் பின்னால் ஒன்றை வெட்டியெடுக்க நேர்ந்தால் மற்றது போய்விடும். வேறு சிலர் வெற்று அட்டைகளில் வாங்கி, பத்திரிகையில் வந்த படத்தோடு சேர்த்து ஒட்டினார்கள். யார் எந்தக் காரில் வருவார், எந்த ஓட்டலில் சாப்பிடுவார், எந்தக் கதவு வழியாக வெளியேறுவார் என்ற தகவல் இவர்களுக்குள் பண்டமாற்றாகப் புழங்கியது. கார்க் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர் அறிமுகமில்லாத முகமாக இருந்தால், ‘நீங்கள் யாராவது முக்கியமானவரா?’ என்று நேரிலேயே கேட்டுவிடும் பிள்ளைகள் இருந்தார்கள். இல்லை என்றால் பேனா மூடப்படும். இந்தக் கேள்வியின் ஈரமின்மையைப் பற்றி ஹாலிவுட்டில் புழங்கிய நகைச்சுவைகளுக்குக் கணக்கில்லை.

1939இல் வந்த இரண்டு படைப்புகள் இந்தக் கூட்டத்தை நேரெதிர்க் கோணங்களில் பார்த்தன. நத்தானியல் வெஸ்டின் ‘தி டே ஆஃப் த லோகஸ்ட்’ நாவல், கற்பனைத் திரையரங்கு ஒன்றின் பிரிமியருக்குக் கூடியவர்கள் கலவரக் கும்பலாக மாறுவதில் முடிகிறது. திரைக்கதை எழுதிப் பிழைத்த வெஸ்ட், நட்சத்திரங்களைக் காண வந்தவர்களிடம் அன்பைவிட ஏமாற்றத்தையும் வெறுப்பையும் கண்டார். டிஸ்னியின் ‘தி ஆட்டோகிராஃப் ஹவுண்ட்’ என்ற குறும்படத்திலோ டொனால்டு டக் நோட்டுடன் ஸ்டூடியோவுக்குள் களவாக நுழைந்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் துரத்துகிறது. முடிவில் அது யாரென்று தெரிந்ததும் நட்சத்திரங்கள் எல்லோரும் அதனிடமே கையெழுத்துக் கேட்டு ஓடி வருகிறார்கள். அந்தக் குறும்படத்தில் தலைகாட்டும் ஷெர்லி டெம்பிளுக்கு நிஜத்திலேயே அப்படியோர் அனுபவம் உண்டு. ஆறு வயதில் ஒரு பெரிய கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கப் போனபோது, அவரே தன்னிடம் கையெழுத்துக் கேட்டதாகவும், அத்தோடு அந்தத் தாத்தா மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். இன்னொரு பக்கம் கிரேட்டா கார்போ. அவர் யாருக்கும் கையெழுத்துக் கொடுப்பதில்லை என்பதே ஊரறிந்த செய்தி. அதனாலேயே அவருடைய கையெழுத்துக்கு இன்றும் விலை அதிகம்.

1939 டிசம்பர் 15 அன்று ‘கான் வித் த விண்ட்’ படத்தின் பிரிமியர் ஹாலிவுட்டில் அல்லாமல், கதை நடக்கும் அட்லான்டா நகரில் நடந்தது. கிளார்க் கேபிளும் விவியன் லீயும் ஊர்வலமாக வந்த தெருக்களில் 3 லட்சம் பேர் நின்றார்கள் என்பது அன்றைய கணக்கு. அந்த நகரின் மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் கம்பளத்தில் நடக்காதவர் ஒருவர் இருந்தார். படத்தில் முக்கிய வேடம் ஏற்ற கறுப்பின நடிகை ஹேட்டி மெக்டானியல், ஜார்ஜியா மாநிலத்தின் இனப்பிரிவினைச் சட்டங்களால் திரையரங்குக்குள் வெள்ளையரோடு அமர முடியாது என்பதால் வரவில்லை. சில வாரங்களில், 1940 பிப்ரவரியில், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார் அவர். அந்த விருது விழாவிலும் சக நடிகர்களின் மேசையில் இடம் கொடுக்காமல் தனி மேசையில்தான் அமர்த்தினார்கள். எந்தக் கையெழுத்துகள் பிரிமியர் நோட்டுகளில் சேர்ந்தன, எவை சேர வாய்ப்பே இல்லை என்பதை இத்தகைய ஏற்பாடுகளும் தீர்மானித்தன.

லண்டனில் இந்த வழக்கத்தின் மையம் லெஸ்டர் சதுக்கம். எம்பயர், 1937இல் திறந்த ஓடியன் ஆகிய பெரிய அரங்குகள் ஒரே சதுக்கத்தைச் சுற்றி நின்றதால், ஹாலிவுட்டின் முற்றம் செய்த வேலையை இங்கே சதுக்கமே செய்தது. 1946 நவம்பர் 1 அன்று எம்பயரில் நடந்த முதல் அரச குடும்பத் திரைப்படக் காட்சிக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரும் குடும்பமும் வந்தார்கள். போருக்குப் பின் வெளிச்சம் காணாமல் ஏங்கிய நகரம் சதுக்கத்தை நிறைத்தது. பிரிட்டிஷ் ரசிகருக்குப் ‘பிக்சர்கோயர்’ இதழ் விற்ற அஞ்சலட்டைகள் மலிவாகக் கிடைத்தன, அச்சிட்ட கையெழுத்துடன். அந்த அச்சுக் கையெழுத்தை நம்பிப் பிற்காலத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

1964 ஜூலை 6 அன்று பீட்டில்ஸ் நடித்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தின் பிரிமியருக்காக பிக்கடிலி சர்க்கஸில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் அருகே நெருங்கிக் கையெழுத்து வாங்கும் நிலை இல்லை. பீட்டில்ஸின் காரியங்களைக் கவனித்த நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வரின் கையெழுத்தையும் தாங்களே போட்டுக் கொடுத்துத் தேவையைச் சமாளித்தார்கள். ஸ்டூடியோச் செயலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததன் தொடர்ச்சி இது. வாங்கியவர்கள் குடும்பச் சொத்தாகப் பாதுகாத்த பல நோட்டுகளில் இருப்பது இந்த இருவரின் கைவண்ணம்தான்.

1950களிலிருந்து ஹாலிவுட் பிரிமியர் மங்கியது. 1948இல் உச்ச நீதிமன்றம் ஸ்டூடியோக்களை அவற்றின் திரையரங்குகளிலிருந்து பிரிக்கத் தீர்ப்பளித்தது, நீண்டகால ஒப்பந்த நடிகர்களை வைத்திருக்கும் முறை தளர்ந்தது, தொலைக்காட்சி வந்தது. 1975இல் ‘ஜாஸ்’ ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியானபோது, ஒரு வாசலில் விளக்குப் போடுவதைவிட நாடெங்கும் தொலைக்காட்சி விளம்பரம் கொடுப்பது லாபம் என்பது உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், பிரிமியரைத் திரும்ப உயிர்ப்பித்ததும் தொலைக்காட்சிதான். 1981இல் தொடங்கிய ‘என்டர்டெயின்மென்ட் டுநைட்’ போன்ற நிகழ்ச்சிகளுக்குத் தினமும் நட்சத்திரப் படக்காட்சி வேண்டியிருந்தது. கம்பளம் நீண்டது, பேட்டியாளர்களுக்கு ஒரு பக்கம், ரசிகர்களுக்கு மறுபக்கம் என்று இரும்புத் தடுப்பு வந்தது.

இதற்குள் எழுதுகருவியும் மாறியிருந்தது. 1945 அக்டோபரில் நியூயார்க் கடை ஒன்றில் விற்பனைக்கு வந்த பால் பாயிண்ட் பேனா, மை சிந்தும் கவலையை ஒழித்தது. ஆனால் பளபளப்பான புகைப்படத்தில் அது வழுக்கும். 1964இல் வந்த ஷார்ப்பி மார்க்கர் அந்தக் குறையைத் தீர்த்தது. அதன்பின் நோட்டு மெல்ல மறைந்து, எட்டுக்குப் பத்து அங்குலப் புகைப்படமும் போஸ்டரும் முன்னுக்கு வந்தன. நோட்டில் வாங்கியதைச் சுவரில் மாட்ட முடியாது. படத்தில் வாங்கினால் மாட்டலாம், விற்கவும் செய்யலாம். இந்த மாற்றத்தோடு வாசலில் நிற்கும் ஆளும் மாறினார்.

1980களிலும் 90களிலும் நினைவுப்பொருள் சந்தை வளர, கையெழுத்தை வாங்கி விற்றே பிழைப்பவர்கள் உருவானார்கள். 1995இல் தொடங்கிய ஈபே அவர்களுக்குக் கடை வாடகையை மிச்சப்படுத்தியது. தொழில்முறை வேட்டைக்காரரின் பையில் ஒரே நடிகரின் பத்து விதப் படங்கள் இருக்கும். புதுப் படத்தின் பளபளப்பில் மை ஒட்டாமல் திரளும் என்பதால் முன்கூட்டியே குழந்தைப் பவுடர் தடவித் துடைத்து வைப்பார்கள். நீல ஷார்ப்பி கறுப்பைவிட எடுப்பாகத் தெரியும் என்பதால் நீலம்தான் நீட்டுவார்கள். நடிகர்களும் சும்மா இருக்கவில்லை. ‘இன்னாருக்கு’ என்று பெயர் எழுதிக் கொடுத்தால் விலை விழும் என்று அறிந்து, தாங்களாகவே பெயர் கேட்டு எழுதினார்கள். ஒருவருக்கு ஒன்றுதான் என்றார்கள். கையெழுத்தே சுருங்கி, முழுப் பெயர் இரண்டு எழுத்தும் ஒரு கோடுமாக ஆனது. 1930களின் நோட்டில் வாழ்த்துச் சொல்லோடு முழுப் பெயரும் படிக்கும்படி இருக்கும். இன்று வாங்குபவரே யாருடையது என்று ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுத்தவர்களும் உண்டு. பால் நியூமன் கழிப்பறையில் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பேனாவை நீட்டியதாகவும், அன்றோடு கையெழுத்திடுவதை விட்டதாகவும் சொல்லியிருக்கிறார். ஸ்டீவ் மார்ட்டின் ஒரு காலத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஓர் அச்சட்டை கொடுத்தார். அதை வைத்திருப்பவர் தன்னைச் சந்தித்தார் என்றும் தன்னை இனியவராகவும் நகைச்சுவையாளராகவும் கண்டார் என்றும் அது சான்றளித்தது. கையெழுத்தின் சாரம் சந்திப்புக்கான சான்று மட்டுமே என்றால், மார்ட்டினின் அட்டை அதை நேர்மையாகவே செய்தது என்று சொல்ல வேண்டும். 2008 அக்டோபரில் ரிங்கோ ஸ்டார் இனி தபாலில் வரும் எதிலும் கையெழுத்திடப் போவதில்லை என்று அறிவித்தார். ரசிகர் மாநாடுகளில் கட்டணம் வாங்கிக் கையெழுத்திடும் முறையும் பரவியது. காசுக்குக் கையெழுத்து என்பதில் இந்திய வாசகருக்கு அதிர்ச்சி இருக்காது. காந்தியே ஒரு கையெழுத்துக்கு 5 ரூபாய் கேட்டு வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தவர்தான்.

விலை ஏறிய இடத்தில் போலி நுழைந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்க எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடத்திய விசாரணை, தெற்குக் கலிபோர்னியாவில் விளையாட்டு வீரர்கள், நடிகர்கள் பெயரில் போலிக் கையெழுத்துகளை மொத்தமாகத் தயாரித்துக் கடைகளுக்கு விநியோகித்த கும்பலைப் பிடித்தது. கைப்பற்றிய பொருள்களுடன் ‘உண்மைச் சான்றிதழ்’களும் இருந்தன. அவற்றையும் அதே கும்பல்தான் அச்சிட்டது. 1998இல் தொடங்கிய பிஎஸ்ஏ/டிஎன்ஏ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் இந்த அவநம்பிக்கையில் வளர்ந்தவை. வேட்டைக்காரர்களும் தாங்கள் கையெழுத்து வாங்கும் தருணத்தைத் தோழர் ஒருவரைக் கொண்டு புகைப்படம் எடுத்து ஆதாரமாக வைத்தார்கள். கண்ணெதிரே வாங்கியதுதான் உண்மை என்ற பழைய உறுதி, வாங்கியவரைத் தவிர வேறு யாருக்கும் பயன்படவில்லை. மூன்றாம் கைக்குப் போகும்போது அந்த உறுதிக்கும் ஒரு சான்று தேவையாயிற்று.

கலிபோர்னியா மாநிலம் விளையாட்டு நினைவுப்பொருள்களுக்கு மட்டும் இருந்த சான்றிதழ் சட்டத்தை 2017 ஜனவரி முதல் எல்லாக் கையெழுத்துப் பொருள்களுக்கும் விரித்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ நடிகர் மார்க் ஹாமில், தன் பெயரில் விற்கப்படும் போலிகளைக் கண்டு சலித்து, இந்தச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர். ஆனால் 5 டாலருக்கோ அதற்கு மேலோ விற்கும் எதற்கும் சான்றிதழ் என்ற விதி, ஆசிரியர் கையெழுத்திட்ட நூலை விற்கும் புத்தகக் கடைகளையும் சிக்கவைத்தது. கடைக்காரர் ஒருவர் நீதிமன்றம் போனார். அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு நூல்களுக்கு விலக்கும் 50 டாலர் வரம்பும் வந்தன.

போலியால் குலையாத வழக்கத்தைக் குலைத்தது கைபேசி. 2010இல் ஐஃபோன் 4 முன்பக்கக் கேமராவோடு வந்தது. அதுவரை நட்சத்திரத்தோடு படமெடுக்க மூன்றாவது ஆள் தேவைப்பட்டார், இப்போது வேண்டாம். செல்ஃபியில் ரசிகரின் முகமும் சேர்ந்தே பதிவதால், நான் அங்கே இருந்தேன் என்பதை அது கையெழுத்தைவிட முழுமையாகச் சொல்கிறது. முன்பக்கக் கேமரா வந்தபின் தன்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதே இல்லை என்று பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2014இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ கட்டுரையில் எழுதினார். 2018இல் கான் திரைப்பட விழா தன் சிவப்புக் கம்பளத்தில் விருந்தினர்கள் செல்ஃபி எடுக்கத் தடை விதித்தது. வரிசை நகரவில்லை என்பதும் ஒரு புகார். ஆனாலும் நோட்டும் போஸ்டரும் அற்றுவிடவில்லை. 2011 ஜூலை 7 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த கடைசி ‘ஹாரி பாட்டர்’ படப் பிரிமியருக்கு ரசிகர்கள் பல நாள் முன்பே மழையில் கூடாரம் போட்டுப் படுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கைப்பட்டை கட்டி இடம் ஒதுக்கினார்கள். வாசலில் நின்றவரெல்லாம் கை நீட்டலாம் என்றிருந்த காலம் போய், பெரிய பிரிமியர்களில் கைப்பட்டை இருந்தால்தான் தடுப்பருகே இடம் என்றானது.

2023இல் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா வேலைநிறுத்தம் அறிவித்தபோது, செய்யக்கூடாத வேலைகளின் பட்டியலில் நடிப்போடு பிரிமியர்களும் ரசிகர் மாநாடுகளும் இருந்தன. வேலைநிறுத்தம் தொடங்கவிருந்ததால், ஜூலை 13 அன்று லண்டனில் ‘ஓப்பன்ஹைமர்’ பிரிமியரின் கம்பள நிகழ்ச்சியை ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கினார்கள். நடிகர்கள் கம்பளத்தில் நடந்தார்கள். படம் தொடங்குமுன் அரங்கை விட்டு வெளியேறினார்கள். நவம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் முடியும்வரை, ஏறத்தாழ நான்கு மாதம், ஹாலிவுட்டின் பெரும் படங்கள் நடிகர்கள் இல்லாத பிரிமியர்களோடுதான் வெளியாயின.